தக்காளிக்குக் கொதிநீர் போதும், பீன்ஸுக்குப் போதாது

கேட்கப்பட்டது இதுதான்: தோட்டத்தில் தக்காளி, பீன்ஸ், கேரட் மூன்றும் ஒரே சமயத்தில் விளைந்து குவிந்துவிட்டன. கண்ணாடி பாட்டில்களைக் கொதிநீரில் போட்டெடுத்து, காய்களை வேகவைத்துச் சூடாக நிரப்பி, மூடியை இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஒரு வருடத்துக்குக் கெடாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரிதானா, எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும், வீட்டுப் பிரஷர் குக்கரையே இதற்கு வைத்துக்கொள்ளலாமா? இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. மூடி இறுகிய ஒரு பாட்டிலை ஆறு மாதம் கழித்துத் திறந்து, வீட்டில் இருப்பவர்களுக்கு நம்பிப் பரிமாறலாமா? நான் உணவுப் பதப்படுத்தல் படித்தவன். காய்கனிகளைப் பாட்டிலில் அடைப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அந்த அடிப்படையில், உறுதியாகச் சொல்லக்கூடியதையும் அப்படிச் சொல்ல முடியாததையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் முடிவுகள். கவிழ்த்து வைக்கும் முறையை எந்தக் காய்க்கும் எந்தப் பழத்துக்கும் பயன்படுத்தாதீர்கள். தக்காளியை அமிலம் சேர்த்து, மூடிய பாட்டிலோடு கொதிநீரில் மூழ்கவைத்துப் பதப்படுத்தலாம். அது நன்றாகவே இருக்கும். பீன்ஸையும் கேரட்டையும் வெறும் தண்ணீரில் அடைத்தால், எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அவை பாதுகாப்பானவை ஆகிவிடாது. அவற்றுக்கு அழுத்தத்தில் கிடைக்கும் கூடுதல் வெப்பம் வேண்டும். அதற்கான பாத்திரம் இல்லையென்றால் உறையவைப்பது, உலர்த்துவது, வினிகரில் இடுவது ஆகிய வழிகள் இருக்கின்றன.

ஏன் இப்படி என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1810-இல் பிரெஞ்சு அரசு நிக்கோலா அப்பேர் என்பவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. உணவைக் கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, தக்கையால் அடைத்து, பாட்டிலோடு கொதிநீரில் வேகவைத்தால் நெடுநாள் கெடுவதில்லை என்று அவர் செய்துகாட்டியிருந்தார். ஏன் கெடுவதில்லை என்பது அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. நுண்ணுயிர்கள்தான் உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் நிறுவியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அதுவரை காற்றுதான் குற்றவாளி, காற்றை வெளியேற்றிவிட்டால் உணவு பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. உங்களுக்குக் கிடைத்த அறிவுரையில் இன்றும் உயிரோடிருப்பது அந்தப் பழைய எண்ணம்தான்: மூடி உள்வாங்கி இறுகிவிட்டது, காற்றில்லை, ஆகவே கெடாது. மூடி இறுகியது வெளியிலிருந்து புதிதாக எதுவும் உள்ளே போகாது என்பதை மட்டும் காட்டுகிறது. உள்ளே ஏற்கெனவே இருப்பது செத்ததா என்பதைக் காட்டாது.

உள்ளே இருக்கக்கூடியவற்றில் மிக மோசமானது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா. மண்ணில் எங்கும் இருக்கிறது. மண்ணைத் தொட்டு வளரும் எந்தக் காயோடும் வீட்டுக்குள் வரும். பச்சைக் காயில் அது நமக்குத் தீங்கு செய்வதில்லை, ஏனென்றால் காற்றுள்ள இடத்தில் அது வளராது. விதைபோன்ற உறங்குநிலையில், ஸ்போராகக் கிடக்கும். அந்த ஸ்போர் 100 டிகிரி செல்சியஸ் கொதிநீரில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கொதிநீர் மற்ற கிருமிகளையெல்லாம் கொன்று, காற்றையும் வெளியேற்றி, பாட்டிலை மூடியும் கொடுத்துவிட்டால், போட்டிக்கு ஆளில்லாத, காற்றில்லாத, ஈரமான ஒரு வீடு அதற்குக் கிடைத்துவிடுகிறது. அலமாரியின் சாதாரண வெப்பத்தில் அது முளைத்து, பெருகி, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்குகிறது. பாட்டிலைத் திறந்தால் கெட்ட வாடை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிறம் மாறாமல், மூடி உப்பாமல், பார்வைக்குப் புதிதாகவே இருந்துகொண்டு நஞ்சைச் சுமந்த பாட்டில்கள் உண்டு. முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இந்தப் பாக்டீரியாவுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. புளிப்பை அளக்கும் பி.ஹெச். எண் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருக்கும் அளவுக்கு உணவில் அமிலம் இருந்தால், அதன் ஸ்போர்கள் முளைப்பதில்லை. வீட்டில் பாட்டிலில் அடைக்கும் கலை முழுவதும் இந்த ஓர் எண்ணின் இரு பக்கங்களாகப் பிரிகிறது. அமிலப் பக்கம் இருப்பவற்றில் ஸ்போர் உறங்கிக்கொண்டேயிருக்கும். பூஞ்சை, ஈஸ்ட் போன்ற மெலிந்த எதிரிகளைக் கொன்றால் போதும், அதைக் கொதிநீரே செய்துவிடும். எலுமிச்சை வகைகள், ஆப்பிள், பிளம், அன்னாசி, பெரி வகைகள் இங்கே வருகின்றன. மறுபக்கத்தில் பீன்ஸ், கேரட், பீட்ரூட், பட்டாணி, சோளம், உருளைக்கிழங்கு, கீரை, காளான் என்று அநேகமாக எல்லாக் காய்களும் நிற்கின்றன. பழம் என்றாலே புளிப்பு என்று நினைத்துவிடவும் கூடாது. வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி எல்லாம் காய்களின் பக்கம் இருப்பவை. அத்திப்பழத்தை எலுமிச்சைச் சாறு சேர்க்காமல் அடைக்கக் கூடாது.

தக்காளி கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வகை, பழுத்த அளவு, செடி காய்ந்துபோன பிறகு பறித்ததா என்பதையெல்லாம் பொறுத்து அதன் பி.ஹெச். 4.3-இலிருந்து 4.9 வரை இருக்கலாம். அதனால்தான் எந்தத் தக்காளியாக இருந்தாலும் அமிலம் சேர்த்தே அடைக்க வேண்டும் என்பது விதி. அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டருக்கு இரண்டு மடங்கு. சாறு பாட்டிலில் விற்கப்படுவதாக இருக்கட்டும். பிழிந்த சாறு சுவையில் மேல்தான், ஆனால் அதன் அமில அளவு பழத்துக்குப் பழம் மாறும். பொதுவாக நான் சிட்ரிக் அமிலத்தையே பயன்படுத்துகிறேன். தக்காளியின் மணத்தில் அது குறுக்கிடுவதில்லை. புளிப்பு கூடிவிட்டதாகத் தோன்றினால் பரிமாறும்போது சிறிது சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள், அமிலத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

செய்முறையில் கை எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். தக்காளியைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலை உரித்து, சிறிது தண்ணீரோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அமிலத்தை முதலில் பாட்டிலில் போட்டுவிடுங்கள்; கடைசியில் போடலாம் என்று விட்டால் ஏதாவது ஒரு பாட்டிலில் மறந்துபோகும். பழத்தையும் கொதிநீரையும் நிரப்பும்போது விளிம்புக்குக் கீழே அரை அங்குலம் காலியாக விடுங்கள். மெல்லிய மரக் குச்சியைப் பாட்டிலின் உட்சுவரை ஒட்டி இறக்கி மெதுவாகச் சுற்றினால், பழங்களுக்கு இடையே சிக்கிய காற்றுக் குமிழிகள் வரிசையாக மேலே வருவதைப் பார்க்கலாம்; திரவ மட்டம் இறங்கும், மீண்டும் அரை அங்குலத்துக்கு நிரப்புங்கள். பிறகு வாய் விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தக்காளி விதை விளிம்பில் ஒட்டியிருந்தாலும் மூடியின் ரப்பர் பூச்சு அங்கே பிடிக்காது. மூடியை விரல் நுனிகளின் பலத்தில் மட்டும் இறுக்க வேண்டும், ஏனென்றால் கொதிக்கும்போது உள்ளிருக்கும் காற்று மூடியின் அடியிலிருந்து வெளியேற வேண்டியிருக்கிறது. மூடிக்கு மேல் குறைந்தது ஓர் அங்குலம் தண்ணீர் நிற்குமாறு மூழ்கவைத்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள். இப்படித் தண்ணீரோடு அடைத்த தக்காளிக்கு அரை லிட்டர் பாட்டிலென்றால் 40 நிமிடம், ஒரு லிட்டரென்றால் 45. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் வரை உள்ள ஊர்களுக்கான நேரம் இது. அதற்கு மேல் 900 மீட்டர் வரை ஐந்து நிமிடமும், 1,800 மீட்டர் வரை பத்து நிமிடமும், அதையும் தாண்டினால் பதினைந்து நிமிடமும் கூட்டுங்கள். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதுதான் காரணம்.

இதையெல்லாம் விட்டுவிட்டுச் சூடாக நிரப்பிக் கவிழ்த்தால் என்ன குறை என்று கேட்கலாம். நிரப்பும் நேரத்தில் உணவு வேகமாக ஆறிக்கொண்டிருக்கிறது. காற்றில் வந்த பூஞ்சை மூடிக்கும் உணவுக்கும் இடையில் உட்கார்ந்துகொள்கிறது. சில நிமிடச் சூடு அதைக் கொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூடியும் பல நேரம் அரைகுறையாகவே பிடிக்கிறது. பூஞ்சை வளர்ந்தால் அது அமிலத்தைத் தின்று பி.ஹெச். அளவை உயர்த்தவும் கூடும். அமிலம் குறைந்த காய்களில் இந்த முறை நேரடியாக ஆபத்தானது. பாட்டில்களை அடுப்பு ஓவனில் வைத்துச் சூடாக்குவதும் இதே கதைதான்: உலர்ந்த காற்று சூட்டைச் சரியாகக் கடத்துவதில்லை, கண்ணாடி வெடிக்கவும் செய்யும்.

இனி பீன்ஸும் கேரட்டும். ஸ்போர்களைக் கொல்ல 116 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டுக்குப் போகவே போகாது. அழுத்தத்தில் போகும்: கடல் மட்டத்தில், சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தத்தில் நீராவி ஏறத்தாழ 116 டிகிரியையும் 15 பவுண்டில் 121 டிகிரியையும் எட்டும். இதற்கென்றே செய்யப்பட்ட பெரிய அழுத்தப் பாத்திரங்கள் உண்டு. எடை வைக்கும் வகையில், 300 மீட்டர் உயரத்துக்குள் 10 பவுண்டு அழுத்தத்தில் பீன்ஸுக்கு அரை லிட்டர் பாட்டிலென்றால் 20 நிமிடம், ஒரு லிட்டரென்றால் 25. கேரட்டுக்கு 25, 30. அதைவிட உயரமான ஊர்களில் 15 பவுண்டு எடையைப் போட வேண்டும். இங்கே எல்லோரும் அவசரப்படும் ஓர் இடம் இருக்கிறது. எடையைப் போடுவதற்கு முன் மூடியின் துளை வழியாக நீராவி தடையில்லாமல் கற்றையாகச் சீறிக்கொண்டு வெளியேற வேண்டும், அதுவும் முழுதாக 10 நிமிடம். உள்ளே காற்று மிச்சமிருந்தால் அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டும், வெப்பம் மட்டும் அந்த எண்ணுக்கு உரியதாக இருக்காது. வெளியில் நிற்கும் உங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

வீட்டுப் பிரஷர் குக்கர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பல குக்கர்கள் 15 பவுண்டு அழுத்தத்தையே எட்டுகின்றன, அப்புறம் என்ன என்று தோன்றும். சிக்கல் அதன் அளவில் இருக்கிறது. மேலே சொன்ன நேரங்கள் பெரிய பாத்திரத்தில் சோதித்துக் கண்டவை. அந்தப் பெரிய பாத்திரங்கள் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுகின்றன. அந்த ஏறும் நேரத்திலும் ஆறும் நேரத்திலும் கிடைக்கும் வெப்பமும் கணக்கில் சேர்ந்தே 20 நிமிடம் என்று முடிவாகியிருக்கிறது. சிறிய குக்கர் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறிவிடுவதால் பாட்டிலின் நடுப்பகுதிக்கு அந்தப் பங்கு கிடைப்பதில்லை. குறைந்தது நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களை நிற்கவைத்து மூட முடியாத பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதல். இன்னும் பத்து நிமிடம் கூட்டிவைத்தால் சரியாகிவிடுமா என்றால், ஆகலாம், ஆகாமலும் போகலாம்; அளந்து பார்க்காமல் எத்தனை நிமிடம் என்று சொல்ல வழியில்லை. விசில் எண்ணிக்கை நேரத்துக்கு அளவே ஆகாது. மின்சாரப் பலபயன் குக்கர்களுக்கும் என் பதில் இதுதான்.

இதெல்லாம் மிகையான பயம் என்று நினைப்பவர்கள் உண்டு. எத்தனையோ பேர் கொதிநீரில் பீன்ஸ் அடைத்து ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டிருக்கிறார்கள், உண்மைதான். ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்போர் முளைப்பதில்லை. முளைத்த ஒன்று என்ன செய்யும் என்பதற்கு 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லங்காஸ்டர் நகரில் நடந்த தேவாலய விருந்து சான்று. வீட்டில் பாட்டிலில் அடைத்த உருளைக்கிழங்கைக் கொண்டு ஒருவர் சாலட் செய்துவந்திருந்தார். அந்தக் கிழங்கு கொதிநீர் முறையில் அடைக்கப்பட்டது. 29 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார்.

உங்களிடம் அழுத்தப் பாத்திரம் இல்லை என்று வைத்துக்கொண்டால், பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் நான் முதலில் சொல்வது ஃப்ரீசர். காயின் நிறமும் சுவையும் சத்தும் பாட்டிலில் இருப்பதைவிட அதில் நன்றாக நிற்கும். ஆனால் அப்படியே பையில் போட்டுவிடாதீர்கள். காய்க்குள் இருக்கும் நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்து, சில வாரங்களில் வைக்கோல் வாடையைக் கொண்டுவந்துவிடும். நறுக்கிய பீன்ஸைக் கொதிநீரில் 3 நிமிடமும் வட்டமாக நறுக்கிய கேரட்டை 2 நிமிடமும் போட்டெடுத்து, உடனே அதே அளவு நேரம் பனிக்கட்டி நீரில் ஆறவையுங்கள். ஈரத்தை நன்றாகத் துடைத்து, தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றினால் ஒன்றோடொன்று ஒட்டாது. மைனஸ் 18 டிகிரியில் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை நல்ல தரத்தில் இருக்கும்.

வினிகரில் இடுவது அலமாரியில் வைக்கக்கூடிய வழி. 5 சதவீத அமிலமுள்ள வினிகராக இருக்க வேண்டும். புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். சோதிக்கப்பட்ட குறிப்புகளில் பீன்ஸுக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு. கேரட்டுக்கோ ஐந்தரைக் கப் வினிகருக்கு ஒரே ஒரு கப் தண்ணீர். ஒன்றின் விகிதத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது. புளிப்பு பிடிக்கவில்லையென்றால் சர்க்கரை சேருங்கள்; வினிகரைத் தண்ணீரால் நீர்த்துவிடாதீர்கள். பூண்டையோ மிளகாயையோ எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைப்பது வேறு விஷயம்: எண்ணெய் காற்றைத் தடுக்கிறது, அமிலம் தருவதில்லை. அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். உலர்த்துவதென்றால் காய்களைக் கொதிநீரில் போட்டெடுத்த பிறகு 60 டிகிரி அளவில், ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை காயவிடுங்கள். வெயிலில் காயவைப்பதானால் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள நாட்களாகப் பாருங்கள். அதிக ஈரமுள்ள நாளில் வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.

இனி, திட்டவட்டமாகச் சொல்ல முடியாதவை. ஒரு வருடம் என்பது பாதுகாப்பின் எல்லைக்கோடு கிடையாது. முறையாக அடைத்து, இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைத்த பாட்டில் பதின்மூன்றாம் மாதத்தில் நஞ்சாகிவிடாது. நிறமும் மணமும் சத்தும் குறைந்துகொண்டே போகும், எவ்வளவு குறையும் என்பது இடத்தின் சூட்டைப் பொறுத்தது. ரப்பர் பூச்சுள்ள தட்டை மூடியை இரண்டாம் முறை பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். சிலது பிடிக்கும், சிலது பிடிக்காது, எது பிடிக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. நான் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்துவதில்லை. அந்த மூடியை அழுத்திப் பிடிக்கும் தனித் திருகு வளையத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். உங்கள் வீட்டுக்கென்றே உள்ள ஒரு கலவை, உதாரணமாக வெங்காயமும் குடைமிளகாயும் நிறையப் போட்ட தக்காளி சாஸ், பாதுகாப்பானதா என்று எழுதிக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. அது எவ்வளவு புளிப்பு, எவ்வளவு கெட்டி, வெப்பம் நடுவரை போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதையெல்லாம் ஆய்வகத்தில்தான் அளக்க முடியும். வீட்டில் பி.ஹெச். தாளை நனைத்துப் பார்ப்பது இந்த முடிவை எடுக்கும் அளவுக்குத் துல்லியமானதல்ல. அப்படிப்பட்ட சாஸைப் பாட்டிலில் அடைக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள். இறைச்சி, மீன் அடைப்பது என் வேலைக்கு வெளியே உள்ளது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் பாட்டில்களை அசைக்காமல் 12 முதல் 24 மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஏற்கெனவே உள்வாங்கி, அழுத்தினால் அசையாமல் இருக்க வேண்டும். டக்கென்று கீழே போய் மேலே வந்தால் அது பிடிக்கவில்லை. அந்தப் பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் சாப்பிட்டுவிடலாம், அல்லது 24 மணி நேரத்துக்குள் புது மூடி போட்டு முழு நேரமும் மறுபடி பதப்படுத்தலாம். பிடித்த பாட்டில்களின் திருகு வளையத்தைக் கழற்றி, வெளிப்புறத்தைக் கழுவி, தேதி எழுதி அடுக்குங்கள். வளையத்தை விட்டுவைத்தால் துருப்பிடிக்கும். பின்னால் மூடி தளர்ந்தாலும் வளையம் அதை மறைத்துவிடும்.

திறக்கும் நாளில் மூடி உப்பியிருந்தாலோ, கசிவு இருந்தாலோ, திரவம் பீய்ச்சியடித்தாலோ நுனிநாக்கில்கூட வைத்துப் பார்க்காதீர்கள், குப்பையில் விலங்குகள் எடுக்கும்படியும் போடாதீர்கள். அழுத்தத்தில் முறையாக அடைத்த பீன்ஸையும் கேரட்டையும்கூடச் சாப்பிடும் முன் 10 நிமிடம் கொதிக்கவைப்பது கூடுதல் காப்பு. ஸ்போரைப்போல அல்லாமல் நஞ்சு கொதியில் அழிந்துவிடும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சந்தேகத்துக்கு இடமான பாட்டிலைக் கொதிக்கவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். வீட்டில் அடைத்ததைச் சாப்பிட்ட ஒருவருக்கு இமை தொங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் இவை தொடங்கும். சில மணி நேரத்திலும் வரலாம், பத்து நாள் கழித்தும் வரலாம். காய்ச்சல் இருக்காது, நினைவும் தெளிவாக இருக்கும் என்பதால் சாதாரண அசதி என்று தள்ளிப்போடத் தோன்றும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலில் அடைத்த காய் சாப்பிட்டதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், மீதி இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். நஞ்சு முறிவு மருந்து இருக்கிறது. ஏற்கெனவே செயலிழந்த நரம்புகளை அது மீட்காது, மேலும் பரவுவதை மட்டுமே தடுக்கும். ஆகவே எவ்வளவு சீக்கிரம் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அதனால் பயன்.